ஒரு கட்டை குறைவு

அரங்கு வாசலில் பஸ் முன்னால் போய் நின்றது. லாரி பின்னால் வந்து நின்றது.

பஸ்ஸிலிருந்து அவன் மனைவி இறங்கினாள். அவளுக்கு மூன்று ஆள் தள்ளி அவன் தங்கை இறங்கினாள். லாரியிலிருந்து அவன் குதித்தான். மூன்று பேரும் ஒரே வீட்டு ஆட்கள் என்று புதிதாகப் பார்ப்பவரிடம் சொன்னால் நம்பமாட்டார். ஒருத்தர் நிழல் ஒருத்தர் மேல் படாமல் நடந்தார்கள்.

டிவி பாட்டுப் போட்டியில் கடைசிச் சுற்றுவரை வந்த ஐந்து பேரை வைத்துக் கம்பெனி ஊர் ஊராக மேடை போடுகிறது. இது பதினெட்டாவது ஊர். அந்த ஐந்தில் இரண்டு பேர் ஒரே வீட்டுக்காரர்கள் என்பது போட்டி நடந்தபோதே பெரிய பேச்சு. பேரை விட்டுவிட்டு உறவைச் சொல்லியே கூப்பிட்டது டிவி. மனைவி ‘அண்ணி’. தங்கை ‘நாத்தனார்’. இப்போது போகிற இடமெல்லாம் மீசை நரைத்தவர்கூட அவளை அண்ணி என்கிறார். ஒரே வருஷத்தில் அவளுக்கு அத்தனை கொழுந்தன்மார்.

அவனுக்கும் ஒரு பட்டப்பேர் உண்டு. ஸ்பீக்கர் பெட்டி தூக்குகிறவன், அதனால் ‘பொட்டி’. அது டிவி வைத்ததல்ல. லோடு ஆட்கள் வைத்தது.

போட்டியில் நாத்தனாருக்கு இரண்டாம் இடம், அண்ணிக்கு நான்காம் இடம். ஏன் நான்காம் இடம் என்பது பத்து நாளைக்கு முன்னால்தான் அண்ணிக்குத் தெரிந்தது. சார்ஜ் போட வாங்கிய புருஷனின் போனில், கடைசி வார ஓட்டெடுப்பன்று அவன் லோடு ஷெட்டில் உள்ள அத்தனை பேருக்கும் அனுப்பிய செய்தி அப்படியே இருந்தது. ‘எல்லாரும் என் தங்கச்சிக்கே ஓட்டு போடுங்க. வீட்டுக்காரிக்கு வேணாம். அவளே சொல்லிட்டா.’

“நீதானே சொன்னே?” என்றான் அன்றைக்கு. “எனக்கு வேணாங்க, சின்னவ ஆசைப்படறா, அவளுக்கே போடச் சொல்லுங்கன்னு நீதானே சொன்னே?”

“சொல்லுவேன். வாழ வந்த வீட்டுல அப்படித்தான் சொல்லுவேன். சொன்னா போட்டுடறதா?”

அதுதான் அவள் அவனிடம் கடைசியாகப் பேசியது. இந்தப் பத்து நாளில் அவன் என்ன கேட்டாலும் சுவரைப் பார்த்தாள், இல்லையென்றால் பஸ் ஜன்னலைப் பார்த்தாள்.

இன்றைக்கு மூன்று மணிக் காட்சி. இது முடிந்தால் அடுத்த சுற்று முழுக்க வெளிநாடு. ஐந்து பேரும் போக முடியாது, மூன்று பேர்தான் என்று மேனேஜர் காலையில் பஸ்ஸிலேயே எழுந்து நின்று சொல்லிவிட்டார். முதலிடம் வந்தவர் நிச்சயம். மூன்றாமிடத்துத் தாடிக்காரர் தானே கிடார் வாசித்துக்கொள்வார், ஒரு ஆள் மிச்சம், அவரும் நிச்சயம். ஐந்தாமிடக்காரர் இந்தக் கணக்கிலேயே இல்லை.

“மூணாவது சீட்டு, அண்ணியா நாத்தனாரான்னு இன்னிக்கு ஜனங்க சொல்லட்டும். ரெண்டு பேரும் சேர்ந்து பாடற பாட்டு இருக்கே, அதுல பார்த்துக்கறேன்.”

பஸ்ஸில் யாரோ சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. அவள் வேலை பார்த்த தையல் கம்பெனியில் பொத்தான் துளை போடுகிற காஜா மெஷினை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தால் நூல் பிசிறு வெட்டுகிற மேஜைதான் என்று சூப்பர்வைசர் போனிலேயே சொல்லியாயிற்று. ஆறு வருஷம் மெஷினில் உட்கார்ந்தவள், நேற்றுச் சேர்ந்தவர்களோடு நின்று பிசிறு வெட்ட வேண்டும். அதிலும், “என்ன அண்ணி, பாட்டு போச்சா?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே.

இறங்கியதும் கையில் வெந்நீர் பிளாஸ்க்கோடு நேராகக் குளியலறைக்குப் போனாள். கதவைத் தாழ் போட்டாள். குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள்.

தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் பாட ஆரம்பித்தாள்.

பாட்டுக்காரர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஆர்மோனியத்தில் எத்தனையாவது கட்டையில் ஒருத்தர் குரல் உட்காருகிறதோ, அது அவர் கட்டை. அண்ணிக்கு ஐந்து. நாத்தனாருக்கு ஆறு. ஒரு கட்டை என்றால் கேட்கிறவருக்கு ஒன்றுமில்லை. பாடுகிறவருக்கு, எட்டாத பரண்மேல் மூட்டை வைக்கச் சொல்வது மாதிரி. இன்னும் ஓரடி, இன்னும் ஓரடி என்று கை போகும், இடுப்பு விட்டுப் போகும்.

சேர்ந்து பாடுகிற அந்தப் பாட்டின் இசை டிராக்கை இரண்டாமிடத்துக்காரியின் ஆறு கட்டையில்தான் கம்பெனி பதிந்து வைத்திருந்தது. கடைசி அடியில் அது உச்சிக்குப் போகும். பதினேழு ஊரிலும் அண்ணி அந்த இடத்தில் கீழே இறங்கி ஒதுங்கிக்கொண்டாள். நாத்தனார் ஏறினாள், கைதட்டல் வாங்கினாள்.

பத்து நாளாக அண்ணி ஒதுங்குவதற்குப் பாடவில்லை. ஏறுவதற்குப் பாடினாள். குழாய் உள்ள இடமாகப் பார்த்துப் பார்த்துப் பாடினாள். வெளியே வந்தால் வாயைத் திறக்கமாட்டாள், கழுத்தில் துணியைச் சுற்றிக்கொள்வாள், வெந்நீர் குடிப்பாள்.

இன்றைக்கு உச்சி அடி மூன்று தடவையும் நின்றது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, “வாடி,” என்றாள். யாரைக் கூப்பிட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

அவன் வெளியே இருந்து பார்த்தது வேறு. கழுத்துத் துணியைப் பார்த்தான், பிளாஸ்க்கைப் பார்த்தான், பேச்சில்லாத வாயைப் பார்த்தான். தொண்டை போய்விட்டது என்று முடிவு கட்டினான்.

கேட்டிருக்கலாம். ஆனால் பதில் வராத இடத்தில் எத்தனை தடவை கேட்பது? சப்-ஊஃபர் பெட்டியை மேடையோரம் தள்ளி வைத்துவிட்டு, தங்கையிடம் போனான்.

மேக்கப் அறையில் நாத்தனார் ஒற்றைக் கண்ணுக்கு மை போட்டு முடித்திருந்தாள்.

“உங்க அண்ணிக்குத் தொண்டை சரியில்ல போலிருக்கு.”

“சொன்னாங்களா?”

“எங்க சொல்றா. பார்த்தாலே தெரியுதே.” கதவை ஒட்டி நின்றான். “அந்தப் பாட்டை இன்னிக்கு மட்டும் அஞ்சு கட்டைக்குக் குறைச்சுக்கலாமா? ஏற்கெனவே ஓட்டு விஷயத்துல என் மேல உயிர்போற கோபம். இதுலயாவது ஒரு நல்லது பண்ணினதா இருக்கட்டும்.”

“அஞ்சுல பாடினா நான் கீழே இறங்கற வரியெல்லாம் பல்லுக்குள்ளேயே நின்னுடும் அண்ணா. அது தெரியுமா?”

“ஒரு பாட்டுதானேம்மா.”

“ஆமா, ஒரு பாட்டு. அந்த ஒரு பாட்டுக்குத்தான் சீட்டு.”

அவன் கையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினான். தங்கை மறு கண்ணுக்கு மை எடுத்தாள். அதை நிதானமாக இழுத்து முடித்தாள். பிறகு கண்ணாடியில் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

“சரி, குறைச்சுக்கோங்க. நான் ஒத்துக்கிட்டேன்னு சொல்லுங்க.”

“நிஜமாவா?”

“அண்ணிக்காக இதுகூடச் செய்யமாட்டேனா?”

சந்தோஷமாகப் போனான். அந்தச் சிரிப்பைச் சிறு வயதிலிருந்து பார்க்கிறவனுக்கு, இன்னும் அதைப் படிக்கத் தெரியவில்லை.

மிக்ஸர் மேஜையில் இருந்தவருக்கு எல்லாரும் வைத்த பெயர் ‘சவுண்டு’. சவுண்டு ஒரு காது ஹெட்போனை நகர்த்தினார்.

“ஒரு கட்டை இறக்கணுமா? யாரு சொன்னா?”

“வீட்டுல பேசிட்டோம்ணே.”

“மேனேஜர்?”

“அவருக்கு எதுக்குண்ணே. இது வீட்டு விஷயம்.”

சவுண்டு இரண்டு பட்டனைத் தட்டினார். அவ்வளவுதான் வேலை. நூற்றுநாற்பது கிலோ பெட்டியை ஏற்றுவதற்கு நாலு ஆள் வேண்டும். ஒரு மனுஷியின் பத்து நாளை இறக்குவதற்கு ஒரு விரல் போதும்.

இரண்டே முக்காலுக்கு மேடைக்குப் பின்னால் இரண்டு பெண்களும் எதிரெதிரே வந்தார்கள். ஒதுங்க இடமில்லை. ஒரு பக்கம் திரை, மறுபக்கம் காலிப் பெட்டிகள்.

நாத்தனார் முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

“கொக்கி எட்டல. மாட்டிவிடுங்க.”

அந்த மேடை உடுப்பைத் தைத்தது அண்ணிதான். எந்தக் கொக்கி எந்த வளையம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். மாட்டினாள்.

“அம்மா! இறுக்காதீங்க. மூச்சு விடணும்.”

“உனக்கு எதுக்கு மூச்சு? அதான் ஓட்டு இருக்கே.”

“நான் கேட்டேனா அண்ணன்கிட்ட?”

“வேணாம்னு சொன்னியா?”

“நீங்கதான் சொல்லிட்டீங்களே. பெரிய மனசு பண்ணி வாயால தாரை வார்த்துட்டு, அப்புறம் எதுக்குத் திரும்ப வந்து கை நீட்டறீங்க?” நாத்தனார் திரும்பினாள். “அது என்ன அண்ணி, நாலாம் இடத்துக்குக் கோபமெல்லாம் ரெண்டாம் இடத்து மேலயே வருது? முதல் இடத்து மேல வரமாட்டேங்குது?”

“முதல் இடம் என் சோத்துல உப்பு குறைன்னு சொன்னதில்லையே.”

“குறையாத்தான் இருந்துச்சு.”

“இருக்கட்டும். இன்னிக்கு ஜாஸ்தியாப் போடறேன். தின்னு.”

மேல் கொக்கியை ஒரு வளையம் உள்ளே தள்ளி மாட்டிவிட்டு அண்ணி நகர்ந்தாள்.

அரங்கு நிறைந்திருந்தது. ஐந்தாமிடக்காரர் ஒரு பாட்டு, முதலிடக்காரர் இரண்டு பாட்டு, தாடிக்காரர் கிடாரோடு இரண்டு பாட்டு. பிறகு விளக்கை அணைத்து இரண்டு வட்டமாக மேடையில் போட்டார்கள். ஒன்றில் அண்ணி வந்து நின்றாள், ஒன்றில் நாத்தனார்.

“அண்ணீ!” என்று மாடியிலிருந்து ஒரு கொழுந்தன் கத்தினான்.

பாட்டு தொடங்கவில்லை. நாத்தனார் மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

“எல்லாரும் மன்னிக்கணும். இந்தப் பாட்டு டிவில கேட்ட மாதிரி இருக்காது.” குரலில் தேன். “அண்ணியால அவ்ளோ மேல போக முடியறதில்ல. அதனால இன்னிக்கு அவங்களுக்காக ஒரு கட்டை குறைச்சுக்கிட்டோம். அண்ணிக்கு ஒரு கைதட்டல் குடுங்க!”

கைதட்டினார்கள். சைக்கிள் ஓட்டப் பழகுகிற குழந்தைக்குத் தட்டுவது மாதிரித் தட்டினார்கள். மாடியில் யாரோ, “பரவால்ல அண்ணி, விடுங்க!” என்றார்கள். சிரிப்பு எழுந்தது.

மேடையோரம் பெட்டிக்குப் பின்னால் நின்றவனுக்கு, கால் பெருவிரல்மேல் பெட்டி விழுந்தது போலிருந்தது. கத்தக்கூட முடியாது. காட்சி நடக்கிறது.

டிராக் தொடங்கியது. முதல் நாலு சுரத்திலேயே அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து கட்டை. பிச்சை போட்ட மாதிரி, காலடியில் வந்து விழுந்த ஐந்து கட்டை.

பாட வேண்டிய இடம் வந்தது. அவள் பாடவில்லை. கையைத் தூக்கினாள்.

“நிறுத்துங்க.”

சவுண்டு நிறுத்தினார்.

“யாரு குறைக்கச் சொன்னா? நான் சொல்லல. பழையபடி ஆறுக்குப் போடுங்க.”

நாத்தனார் கண்ணில் ஒரு சிமிட்டல். மைக் இன்னும் வாயருகேதான் இருந்தது.

“ஆறு போதுமா அண்ணி? ஆறரைக்கே போலாமே.”

விசில் பறந்தது. “ஆறரை! ஆறரை!” கட்டை என்றால் என்னவென்று தெரியாதவர்களும் கத்தினார்கள்.

“போடுங்க ஆறரை,” என்றாள் அண்ணி.

ஏலம் போனது அவ்வளவுதான். இரண்டு பேரில் ஒருத்திகூட ஆறரையில் ஒரு நாளும் பாடினதில்லை.

சவுண்டு ஓரத்திலிருந்த மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தலையை ஆட்டினார்.

முதல் அடி போயிற்று. இரண்டாமடி போயிற்று. ஒருத்தி பாடும்போது மற்றவள் அவள் வாயையே பார்த்தாள், எப்போது தடுக்கும் என்று. கடைசி அடிக்கு ஏறும்போது அண்ணியின் கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. உச்சியைத் தொட்டாள். அழகாகத் தொட்டாள் என்று சொல்ல முடியாது. கரகரப்பாகத் தொட்டாள். ஆனால் தொட்டாள், நின்றாள், விடவில்லை.

அரங்கு எழுந்துகொண்டது.

அடுத்து அதே அடி நாத்தனாருக்கு. ஏறினாள். பாதி ஏறினாள். முதுகில் இறுக்கின கொக்கி, மூச்சுக்கு இடமில்லை. குரல் இரண்டாகக் கீறிக்கொண்டு நின்றுபோனது. வாய் திறந்திருந்தது, ஒன்றும் வரவில்லை.

அந்தக் கணத்தில் அண்ணி நினைத்திருந்தால் சும்மா நின்றிருக்கலாம். அதற்காகத்தான் பத்து நாள். ஆனால் ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு வேலையாகப் பாடிக்கொண்டே திரிந்த பழக்கம், ஒருத்திக்கு மூச்சு முடிந்த இடத்தில் மற்றவள் வாய் தானாக எடுத்துக்கொள்ளும். யோசிப்பதற்குள் அண்ணியின் வாய் எடுத்துக்கொண்டது. நாத்தனார் விட்ட சுரத்திலிருந்து பிடித்து, அடியை முடித்துவிட்டது.

முடிந்த பிறகுதான் தான் செய்தது அவளுக்கே தெரிந்தது. தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போல வந்தது.

ஜனங்களோ, ஒத்திகை பார்த்துச் செய்தது என்று நினைத்துக் கூரை இடிந்து விழுகிற மாதிரித் தட்டினார்கள்.

காட்சி முடிந்து திரைக்குப் பின்னால் வந்ததும் நாத்தனார் மைக்கை வீசினாள். அது காலிப் பெட்டியில் பட்டு உருண்டது.

“என் வரியை எடுக்க நீங்க யாரு?”

“நின்னு போச்சே.”

“நின்னா என்னோட நிக்குது! விழுந்தா நான் விழறேன்! அவ்வளவு பேர் முன்னால என்னைத் தூக்கி நிறுத்தற மாதிரி நடிப்பு.”

“நடிப்பா? கட்டை குறைச்சுக்கிட்டோம், கை தட்டுங்கன்னு என்னைப் பிச்சைக்காரி ஆக்கினியே, அது என்ன?”

“நான் குறைக்கச் சொல்லல. உங்க புருஷன் வந்து கெஞ்சினாரு. கேளுங்க.”

அண்ணி திரும்பினாள். பத்து நாள் கழித்து அவனை நேராகப் பார்த்தாள். அவன் கைகளில் லாரிக்குப் போகிற ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடி இருந்தது. மறு பக்கம் இன்னொரு லோடு ஆள்.

“உன் தொண்டை சரியில்லன்னு…” என்றான்.

“யாரு சொன்னா?”

“நானா நினைச்சேன்.”

“அவகிட்ட கேட்டீங்க. சவுண்டுகிட்ட கேட்டீங்க.” சத்தம் போடவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. “தொண்டை என்னோடது. என்கிட்ட கேக்கல.”

“நீதான் பேசறதே இல்லையே.”

“பேசினப்ப மட்டும் என்ன கேட்டுக் கிழிச்சீங்க?”

மேனேஜர் கை தட்டிக்கொண்டே வந்தார். இவர்கள் முகத்தைப் பார்த்தும் அவர் முகம் மாறவில்லை.

“பிரமாதம்! இதான் வேணும் எனக்கு. அந்த ஏலம், ஒருத்தர் நிக்கறது, ஒருத்தர் எடுத்துக்கறது. தினமும் இப்படியே வேணும். தாடிக்காரரை வீட்டுக்கு அனுப்பிடறேன். நீங்க ரெண்டு பேரும் வர்றீங்க.”

“தினமும் நான் விழணுமா?” என்றாள் நாத்தனார்.

“ஒரு நாள் நீ விழு, ஒரு நாள் அவங்க விழட்டும். எனக்கு எல்லாம் ஒண்ணுதான். நாப்பது மேடை, ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ரூம்.” பெட்டியின் மேல் ஒரு காகிதத்தை விரித்துப் பேனாவை வைத்தார். “ரெண்டு கையெழுத்தும் இருந்தாத்தான் இது செல்லும். ஒண்ணு மட்டும்னா கிழிச்சுப் போட்டுட்டு தாடிக்காரரையும் அஞ்சாமிடத்தையும் கூட்டிட்டுப் போறேன்.”

பெட்டியைக் கீழே வைக்கவும் முடியாமல் தூக்கவும் முடியாமல் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காகிதம் மேலே கிடந்தது.

அண்ணி பேனாவை எடுத்தாள். பிசிறு வெட்டுகிற மேஜை ஒரு தடவை அவள் கண்ணில் வந்து போயிருக்க வேண்டும்.

“லோடு ஆளுங்க லிஸ்ட்ல இவர் பேரு இருக்கா?”

“இருக்கு. ஏன்?”

“எடுத்துடுங்க. எடுத்தா நான் கையெழுத்து போடறேன்.”

“அண்ணன் வராத ஊருக்கு நான் வரமாட்டேன்,” என்றாள் நாத்தனார் உடனே. “அம்மாவும் அனுப்பமாட்டாங்க. இவங்களோட தனியா ஒரு ரூம்ல நாப்பது நாள் கிடக்க என்னால ஆகாது. அண்ணன் இருந்தா போடறேன்.”

மேனேஜர் ஒருத்தியைப் பார்த்தார், மற்றவளைப் பார்த்தார். கடைசியில், ஒரு வருஷமாகத் தன் பெட்டிகளைச் சுமக்கிறவனை முதல் தடவையாக முகம் கொடுத்துப் பார்த்தார்.

“பொட்டி, நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு ஏர்போர்ட்டுக்கு லாரி கிளம்பும். அதுல நீ இருக்கியா இல்லையான்னு நீயே சொல்லிடு.”

அவன் மனைவியைப் பார்த்தான்.

“நீ சொல்லு. நான் இருக்கட்டுமா, போகட்டுமா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை.

“இப்பத்தான் என்னைக் கேக்கத் தோணுச்சா? நான் ஒண்ணு சொல்லுவேன், நீங்க அதை அப்படியே போய்ச் செஞ்சுடுவீங்க. அப்புறம் நீதானே சொன்னேன்னு நிப்பீங்க.” பேனாவைக் காகிதத்தின்மேல் போட்டாள். “இந்தத் தடவை என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வராது.”

கழுத்துத் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டே பஸ்ஸைப் பார்த்து நடந்தாள். நாத்தனார் முதுகுக் கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள். அது எட்டவில்லை. யாரையும் கூப்பிடவில்லை.

அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்திருந்த லோடு ஆளுக்குத் தோள் இற்றுவிட்டது.

“பொட்டி,” என்றான், “கை போகுதுப்பா. தூக்கறியா, வைக்கறியா?”